மேகம் இறங்கினால் ரயில் ஓடும்

எங்கள் பார்க்கின் வெளிவாசலில் இப்போது ஒரு மெஷின் நிற்கிறது. சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், உம்மென்று இருக்கிற முகம் என்று அதில் மூன்று பொத்தான்கள். சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பும் குடும்பங்கள், நாள் எப்படிப் போயிற்று என்று அதில் அமுக்கிவிட்டுப் போக வேண்டுமாம். போன மாதம் என் தங்கை குடும்பத்தோடு நானும் விருந்தாளியாகப் போயிருந்தபோது, அந்த மெஷின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தேன். குழந்தைகள் மூன்று பொத்தானையும் மாறி மாறிக் குத்துகின்றன. எட்டாத குழந்தையை அப்பா தூக்கிப் பிடித்துக் குத்த வைக்கிறார். ஒரு பெரியவர் அதைக் காபி மெஷின் என்று நினைத்துக்கொண்டு டம்ளர் எங்கே என்று கேட்டார்.

உள்ளே ஆபீசில் இருக்கும் பெண்கள் ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, அந்த மெஷின் சொல்றதப் பார்த்தா தெனமும் சிரிச்சவங்களும் அழுதவங்களும் சரிக்குச் சரிங்க. நீங்க இருந்தப்ப இது இல்லியே, வர்றவங்களுக்குப் புடிச்சுதா புடிக்கலியான்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க? எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போட்டுர்றோம்" என்றார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பேசிப் பழக்கம் உண்டு, அதுவும் கொஞ்சம் அதிகமாகவே. பேசுவது போல எழுதிவிடுகிறேன், அதிகமாகப் போனால் அவர்களே வெட்டிக்கொள்ளட்டும்.

நான் வெள்ளக்கடைக்காரி, இதே மலை ஊர்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். பத்தாவது முடித்த கையோடு நானும் எஸ்டேட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். அந்தச் சமயம் பார்த்து ரோட்டோரம் ஒரு சரிவில் பார்க் கட்டினார்கள், வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் கேட்டார்கள், போய்ச் சேர்ந்தேன். டிக்கெட் கிழித்தேன், கப் அண்ட் சாசர் ராட்டினத்தில் பெல்ட் மாட்டினேன், கடைசியில் குட்டி ரயில் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஓய்வு பெறும் வரை அதிலேயே உட்கார்ந்துவிட்டேன். மலையில் ரயில் ஓட்டும் பெண் என்று சொந்தத்தில் எனக்கு ஒரு மரியாதை. ரயில் மனுஷன் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது என்பதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் சில வருஷம் பார்க் எங்கள் இஷ்டத்துக்குத்தான் நடந்தது. பெரிய ராட்டினம் சுற்றியது, பாட்டு அலறியது, ஜனங்கள் வந்தார்கள், போனார்கள். ஞானசேகரன் சார் மேனேஜராக வந்த பிறகுதான் நாங்கள் வந்தவர்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். அவர் சேலத்தில் ஒரு சினிமா தியேட்டரைப் பல வருஷம் நடத்திவிட்டு மலையேறி வந்தவர். வெயிலோ மழையோ கையில் குடை, வாயில் ஒரு கிராம்பு. சின்னவர் பெரியவர் எல்லோரையும் 'சாமி' என்பார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு ராட்டினத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பெஞ்சு பெஞ்சாக மாறி உட்கார்ந்துகொண்டே இருந்தார். ஆள் சோம்பேறி போலிருக்கிறது என்று நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "ஏனுங்க மல்லிகா, அந்தக் குடும்பத்துல நமக்கு முக்கியமான ஆள் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்."

எதிரே ஒரு குடும்பம். குழந்தைகள் கப் அண்ட் சாசருக்குள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் குழந்தைகளைக் காட்டினேன்.

"இல்லீங்க சாமி. அந்தா, பை புடிச்சுட்டு நிக்கறாங்களே, அவங்க."

பார்த்தேன். ஒரு அம்மா, இரண்டு தோளிலும் பை, கையில் எல்லோருடைய செருப்பு, கக்கத்தில் ஒரு ஸ்வெட்டர். அதன் பிறகு எந்தக் குடும்பத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்தப் பைக்காரர்தான் முதலில் கண்ணில் படுகிறார். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் உண்டு. தலை சுற்றும் என்று சொல்லி எதிலும் ஏறமாட்டார். எல்லாச் சுமையும் அவரிடம்தான் வந்து சேரும். அவருக்குக் கால் வலித்தால் "போதும், கிளம்பலாம்" என்பார், மொத்தக் குடும்பமும் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிவிடும். சார் சொன்னது இவ்வளவுதான்: குழந்தை சந்தோஷமாக இருப்பது மோட்டாரால், குடும்பம் சந்தோஷமாக இருப்பது பைக்காரரால்.

அந்த வாரமே எல்லா பெஞ்சையும் பெயர்த்து, ராட்டினங்களைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போடச் சொன்னார். அதுவரை பெஞ்சுகள் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்தன. கீழே சேலம் டவுன் தெரியும், நல்ல காட்சி. நாங்களே ஆசையாகப் போட்டது. "வியூவுக்கு முதுகக் காட்டி உக்கார வெக்கறாரே" என்று பெரிய ராட்டினம் ஓட்டும் செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். செல்வம் கரடியூர்க்காரன், மிளகும் காப்பியும் போடுகிற குடும்பம், பிடித்தால் பிடித்த பிடி. ஆனால் பெஞ்சைத் திருப்பிய மறுநாள் நடந்ததை அவனும் பார்த்தான். ராட்டினத்தில் ஏறின எந்தக் குழந்தையும் முதலில் காட்சியைப் பார்ப்பதில்லை, கீழே தன் ஆளைத் தேடுகிறது. தேடிப் பிடித்ததும் கையை ஆட்டுகிறது. இப்போது கீழே இருக்கிறவரும் உட்கார்ந்தபடியே கையை ஆட்டுகிறார். முன்பு குழந்தைகள் கை காட்டியதெல்லாம் முதுகுகளுக்கு.

இப்படி ஒவ்வொன்றாக மாறியது. க்யூவை அகலமாக்கினார். நம் ஜனங்கள் க்யூவில் தனி ஆளாக நிற்க மாட்டார்கள். ஒருவர் இடம் பிடிப்பார், பிறகு சித்தப்பா, அத்தை, அவர்கள் குழந்தைகள் என்று ஒரு கல்யாணமே அந்த இடத்துக்குள் நுழையும், பின்னால் இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். குடும்பம் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து நிற்கிற மாதிரி கம்பியைத் தள்ளிப் போட்டதும் பாதிச் சண்டை நின்றது. வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்ற போர்டைக் கழற்றினார். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு வந்த அம்மாக்கள் அதைப் பையின் அடியில் ஒளித்து வைத்துத் திருடர் போல விழிக்க வேண்டியிருந்தது அதுவரை. அவர்களுக்காக ஒரு கொட்டகை போட்டு, கை கழுவக் குழாய் வைத்து, குரங்கு வராமல் சுற்றிலும் வலையும் அடித்தார். வலைக்கு வெளியே குரங்குகள், உள்ளே நாம். சாப்பிடுகிற நம்மைக் குரங்குகள் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

எங்கள் காலை வேலையையும் சொல்ல வேண்டும், இப்போது இருப்பவர்கள் இதில் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். ராட்டினத்தில் முதல் சுற்று மணல் மூட்டைக்கு. இரண்டாவது சுற்று காலிப் பெட்டிகளுக்கு, பாட்டை நிறுத்திவிட்டு, பேரிங் சத்தத்தைக் கேட்க. அதன் பிறகு சீட் துடைப்பது. மலையில் ராத்திரி ஈரம் எல்லாச் சீட்டிலும் உட்கார்ந்திருக்கும். துடைத்தவர் அதில் தானே உட்கார்ந்து எழ வேண்டும், சேலையோ பேன்ட்டோ ஈரமானால் மறுபடி துடைக்க வேண்டும். புதுத்துணி போட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஈரச் சீட்டில் உட்கார்ந்தால், நாள் முழுக்கப் பின்னால் கையை வைத்து மறைத்துக்கொண்டே நடப்பார்கள். செல்வத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ராட்டினத்தில் கனமானவர்களை எதிரெதிர்ப் பெட்டியில் உட்கார வைக்க வேண்டும். யாரையும் உங்கள் எடை என்ன என்று கேட்க முடியுமா? "உங்களுக்கு அந்தப் பெட்டியில காத்து நல்லா வருமுங்க" என்று சொல்லித்தான் அனுப்புவான். காற்று நன்றாக வரும் பெட்டி எது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவு செய்தும் ஒரு விஷயத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஏமாந்திருந்தோம். அது மேகம்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மலையில் மேகம் இறங்கும். பக்கத்தில் நிற்கிற ஆள் மறைகிற அளவுக்கு இறங்கும். மலைக்காரர்களுக்கு அது ஒரு தொந்தரவு. துணி காயாது, மிளகு காயாது, டூவீலரில் போகிறவனுக்கு எதிரில் வருவது தெரியாது. அதனால் மேகம் இறங்கினால் பார்க்கில் எங்களுக்கு வெட்கமாக இருக்கும், விருந்தாளி வந்த நேரம் வீடு பெருக்காமல் கிடந்த மாதிரி. "மன்னிச்சுக்கோங்க, மேகம் எறங்கிருச்சு" என்று ஆளாளுக்குச் சொல்லுவோம். ராட்டினம், ரயில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, 'பனி உலகம்' என்று ஒரு அறை கட்டி வைத்திருந்தோமே, அதற்குள் ஜனங்களை விரட்டுவோம். அந்த அறையில் மெஷின் வைத்துப் புகை விடுவோம். வெளியே சாமி கொடுத்த மேகம் மலை முழுக்க நிற்கிறது, நாங்கள் விசில் அடித்து, "உள்ள வாங்க, பனி பாக்கலாம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்போம். கீழே சமவெளியில் வெந்துபோய், மேகத்தைத் தொட்டுப் பார்க்கவே வந்தவர்களை. அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு தீபாவளிக்கு மறுநாள்.

அன்றைக்குக் காலையில் நல்ல வெளிச்சம். கூட்டம் அலைமோதியது. மத்தியானத்துக்குள் மேகம் ஒரேயடியாக இறங்கிவிட்டது. ராட்டினத்துக்கு எங்கள் பார்க்கில் ஒரு சட்டம் உண்டு: லிவர் பக்கத்தில் நின்று பார்த்தால் உச்சிப் பெட்டியின் நம்பர் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் யார் சொன்னாலும் சுற்றக்கூடாது. செல்வம் ராட்டினத்தை நிறுத்திச் சங்கிலியைப் போட்டான். நான் ரயிலை நிறுத்தினேன். ரயில் பாதையை ஜனங்கள் குறுக்கே கடந்து போவார்கள், மேகத்தில் யார் குறுக்கே வருகிறார்கள் என்று தெரியாது.

சங்கிலிக்கு வெளியே ஒருவர் செல்வத்திடம் மன்றாடிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், புதுச்சட்டை, விலையைக் காட்டும் ஸ்டிக்கர் காலர் பின்னால் ஒட்டிக்கொண்டே இருந்தது. பெயர் முருகேசன், சங்ககிரிப் பக்கம், லாரி டிரைவர். வடக்கே லோடு போகிறவர். கூட மனைவி கலா, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் யாழினி. மூன்று பேரும் பஸ்ஸில் வந்திருந்தார்கள்.

"ஒரே ஒரு சுத்துங்க. நானெல்லாம் இதவிட மேகத்துல லாரி ஓட்டுனவனுங்க."

"உங்க லாரி தரையில போகுதுங்க. இது மேல போகுது" என்றான் செல்வம். "நம்பர் தெரியலீன்னா நான் எங்கப்பன் வந்தாலும் சுத்தமாட்டேனுங்க."

"நாளைக்கு வண்டி எடுக்கணுமுங்க. மறுபடி எப்ப லீவு கெடைக்குமோ தெரியாது. புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டனுங்க."

அப்போதுதான் யாழினி பேசியது. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. கணக்குக்கு விடை சொல்வது போல, "விடும்மா. அப்பா சொன்னா நடக்காதுன்னு எனக்குத் தெரியும்" என்று தன் அம்மாவிடம் சொன்னது.

முருகேசன் சங்கிலியை விட்டுவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். அழுகிற குழந்தையைச் சமாளிக்கலாம். இதை எப்படிச் சமாளிப்பது? கலா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வருகிறேன் என்பாராம், லோடு இறக்கத் தாமதமாகும். பிறந்தநாளுக்கு வருகிறேன் என்பாராம், வழியில் வண்டி நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் காரணம் நிஜம்தான். "இப்பெல்லாம் அவரு போன்ல ஏதாச்சும் தேதி சொன்னா, இது போனக் குடுத்துட்டுப் போயிருதுங்க" என்றாள். அந்த வருஷம் முழுக்க ராட்டினத்தைச் சொல்லித்தான் அவர் மகளிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இந்த ஒன்றாவது நடந்தால்தான் இனி அவர் சொல்வதை அது கேட்கும். ஆனாலும் ராட்டினத்தைச் சுற்றச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, செல்வம் செய்ததுதான் சரி.

நான் போய் சாரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். குடையோடு வந்தார். செல்வத்திடம் ஒன்றும் கேட்கவில்லை. மேலே பார்த்தார், நம்பர் தெரியவில்லை, அத்தோடு ராட்டினத்தின் பேச்சை விட்டுவிட்டார். முருகேசன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு கிராம்பை நீட்டினார்.

"ஏனுங்க, மேகத்துல லாரி ஓட்டுவேன்னு சொன்னீங்களே. எப்படிங்க ஓட்டுவீங்க? எதுத்தாப்ல ஒண்ணும் தெரியாதே."

ஆறுதலோ மன்னிப்போ எதிர்பார்த்திருந்த மனுஷன் இந்தக் கேள்வியில் கொஞ்சம் திகைத்துப்போனார். "நொம்ப மோசமா இருந்தா கிளீனர் எறங்கிருவானுங்க. டார்ச் வெச்சுட்டு முன்னால நடப்பான். அவன் விசில் அடிச்சா நான் நகருவேன். அடிக்கலீன்னா பிரேக்க விட்டுக் கால எடுக்க மாட்டேன். காட்டு ரோட்டுல ராத்திரி முச்சூடும் அப்படியே போயிருக்கறமுங்க."

சார் கிராம்பை மென்றுகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. "சார், ரயிலுங்களா?" என்றேன்.

"மொதல்ல காலி ரயில்" என்றார்.

பாதையை ஜனங்கள் கடக்கிற இரண்டு இடத்திலும் ஆளை நிறுத்திக் கயிறு கட்டச் சொன்னார். ஸ்டோரிலிருந்து பெரிய டார்ச்சும் விசிலும் வந்தன. இரண்டையும் முருகேசன் கையில் கொடுத்தார். "எங்க ஆளுங்க ஒருத்தருக்கும் இது பழக்கமில்லீங்க. நீங்கதான் முன்னால நடக்கோணும். நீங்க விசில் அடிக்காம மல்லிகா வண்டிய நகத்த மாட்டாங்க."

முருகேசன் டார்ச்சை வாங்கியதும் ஆளே மாறிவிட்டார். பாதையை ஒரு தடவை நடந்து பார்த்தார். வளைவு எங்கே, பள்ளம் எங்கே, நான் பிரேக் போட்டால் வண்டி எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்றெல்லாம் என்னைக் கேட்டார். காலி ரயிலை ஒரு சுற்று கூட்டிக்கொண்டு வந்தார். ரயிலுக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் அதே இடைவெளி. நான் எத்தனையோ வருஷம் ஓட்டிய பாதைதான், ஆனால் அந்த ஒரு சுற்றில் நான் உண்மையிலேயே ரயில் டிரைவராக இருந்தேன்.

யாழினி ஏறமாட்டேன் என்றது. "எனக்கு ரயில் வேண்டாம். ரயில் சின்னப் பசங்களுக்கு." கலாதான் கையைப் பிடித்து ஏற்றி, எனக்கு நேர் பின்னால் உட்கார வைத்தாள். சத்தம் கேட்டு வந்த மற்ற குடும்பங்களும் ஏறிக்கொண்டன. யாழினி முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

முன்னால் டார்ச் வெளிச்சம் ஒரு மஞ்சள் உருண்டையாகத் தெரிந்தது. விசில் வந்தது. வண்டியை நகர்த்தினேன். சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து வந்து மறைந்தன. முதல் வளைவில் முருகேசன் திரும்பினார், டார்ச் வெளிச்சம் சுத்தமாக மறைந்துபோனது. ஒன்றுமே தெரியவில்லை. நான் பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தேன்.

பின்னாலிருந்து, "அப்பா?" என்று ஒரு குரல்.

மேகத்துக்குள்ளேயிருந்து விசில் வந்தது.

வண்டியை நகர்த்தினேன். அடுத்த வளைவு. மறுபடி வெளிச்சம் மறைந்தது. "அப்பா!" கொஞ்சம் பலமாக. விசில் வந்தது. அதற்கடுத்த வளைவில் பயம் போய்விட்டது, விளையாட்டு வந்துவிட்டது. கூப்பிட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. விசில் வந்ததும் ஒரு சிரிப்பு. பிறகு கடைசிப் பெட்டியில் இருந்த ஒரு வாண்டு தானும் "அப்பா!" என்றது. அதற்கும் விசில் வந்தது. அவ்வளவுதான், வண்டியில் இருந்த அத்தனை குழந்தைகளும் ஒவ்வொரு வளைவிலும் "அப்பா" என்று கத்த ஆரம்பித்தார்கள். அந்தக் குழந்தைகளின் நிஜ அப்பாக்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். மேகத்துக்குள் ஒரு லாரி டிரைவர், பின்னால் ஒரு ரயில் நிறைய ஜனம் அவரை அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, பாதையே சரியாகத் தெரியவில்லை. நல்லவேளை, பாதையைப் பார்க்கும் வேலை அன்றைக்கு என்னுடையது இல்லை.

சுற்று முடிந்து இறங்கினவர்கள் மறுபடி க்யூவில் போய் நின்றார்கள். பனி உலகத்துக்குள் இருந்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். சார் அந்த அறையின் புகை மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று மேகத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஏஞ்சாமி, இதயா இத்தன நாளும் கதவச் சாத்தி வெளிய நிக்க வெச்சிருந்தோம்?" என்று என்னிடம் கேட்டார். இருவரும் சிரித்தோம்.

முருகேசன் சாயங்காலம் வரை நடந்தார். நம் ஆள் ஒருவர் மாற்றுகிறேன் என்று போனபோது விசிலைத் தரமாட்டேன் என்றுவிட்டார். யாழினி எல்லாச் சுற்றிலும் எனக்குப் பின்னால் அதே இடத்தில். புதிதாக ஏறுகிறவர்களிடம், "வளைவுல கூப்புடுங்க. எங்கப்பாதான். கூப்புட்டா பதில் குடுப்பாரு" என்று விளக்கம் வேறு. கலா எங்கள் பெஞ்சில் பைகளோடு உட்கார்ந்து, மேகத்துக்குள்ளிருந்து வரும் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "இத்தன வருசத்துல இந்தப் புள்ள இவர இத்தன தடவ கூப்புட்டு நான் கேட்டதில்லீங்க" என்றாள்.

மேகம் விலகவே இல்லை. ராட்டினம் சுற்றவே இல்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகி அவர்கள் வாசலுக்கு வந்தபோது நான் கூட நடந்தேன். முருகேசன் ராட்டினம் இருந்த திசையைப் பார்த்தார். வாய் தவறி, "பொங்கலுக்கு வந்து ராட்டினத்துல..." என்று ஆரம்பித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார். கலா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். மறுபடியும் ஒரு தேதி சொல்லித் தொலைத்துவிட்டாரே மனுஷன் என்று எனக்கு ஒரே பதைப்பு.

"சரிப்பா" என்றது அந்தப் பெண். அவ்வளவுதான். அப்புறம் பசிக்கிறது என்றது.

அதன் பிறகு எங்கள் பார்க்கில் மேகம் இறங்கினால் ரயில் ஓடும். வந்திருக்கிற குடும்பத்திலிருந்து ஒருவர், பெரும்பாலும் பை பிடித்துக்கொண்டு எதிலும் ஏறாமல் நிற்பவர், எங்கள் ஆள் ஒருவரோடு டார்ச் பிடித்து முன்னால் நடப்பார். அவர் பையை நாங்கள் வாங்கி வைத்துக்கொள்வோம். இப்போது ஜனங்கள் போன் போட்டு, மேகம் இறங்கியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருகிறார்கள். நாங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.

பொங்கலுக்கு அவர்கள் வந்தார்களா என்று ஆபீஸ் பெண்கள் கேட்டார்கள். காணும் பொங்கல் அன்று வந்தார்கள். வெயில் பளீரென்று அடித்தது, மலையில் பஞ்சளவு மேகம் இல்லை. செல்வம் சங்கிலியை எடுத்து முதல் ஆளாக அவர்களை ஏற்றினான். அப்பாவும் மகளும் ஒரே பெட்டியில். உச்சியில் போய்க் கீழே கலாவைப் பார்த்துக் கை ஆட்டினார்கள், கலாவும் ஆட்டினாள். ஒரு வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்த ராட்டினம். இறங்கி வந்ததும் ஆசையாகக் கேட்டேன்.

"எப்படிக் கண்ணு இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சுங்க ஆன்ட்டி" என்று இழுத்தது யாழினி. "ஆனா அப்பா பக்கத்துலயே உக்காந்துட்டாரு. கூப்புடவே முடியல."

செல்வம் விழுந்து விழுந்து சிரித்தான். முருகேசன் சிரிக்கவில்லை. கலாவிடமிருந்து வாங்கிய பையைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சுகளைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி நடந்துபோய், ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"இப்பக் கூப்புடு சாமி" என்று அங்கிருந்து குரல் வந்தது.